முதல் கட்டானா வாங்கப் போறீங்களா, அலகை அப்புறம் பாக்கலாம், பிடியை பாருங்க

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, தண்ணி பாட்டில், பாய் சுருள்னு எதையாவது நிறுத்தி வெச்சு வெட்டிப் பழகணும்னு ஆசையும் வந்தாச்சு, ஆனா கையில காசு அளவாத்தான் இருக்கு. ஆன்லைன்ல தேடினா பக்கம் பக்கமா கட்டானா, அதாவது ஜப்பான்காரங்களோட வளைஞ்ச வாள், வந்து நிக்குது, எல்லாத்துலயும் முடியைக்கூட வெட்டும், ஆயிரம் தடவை மடிச்ச இரும்பு, ஒரிஜினல் சாமுராய் வாள்னு எழுதி வெச்சிருக்கான். இதுல எதைன்னு எடுக்குறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இது.

மொதல்ல ஒரு விஷயம், உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க. பிரிட்டன்ல 50 செ.மீ.யும் அதுக்கு மேலயும் நீளமுள்ள வளைஞ்ச வாளுங்களை விக்கிறதுக்கு 2008ல தடை வந்துச்சு, சில விலக்கு மட்டும் உண்டு. ஜப்பான்ல இன்னும் கறார், பழைய முறைப்படி அடிச்சு பதிவு பண்ணின வாள்தான் வெச்சுக்கலாம், நாம பேசப்போற இந்த மலிவு மாடலை அங்க வெச்சிருந்தா அதுவே குத்தம்.

சரி இரும்புக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருந்தா அதோட அந்தப் பக்கத்தை மூடிடுங்க. சமையல் கத்தி நீளத்துக்கு அது ஓகே, எழுபது செ.மீ. நீள அலகை வேகமா வீசி எதுலயாவது அடிச்சா தாங்காது, ஒடிஞ்சு பறக்கும், அது சுவத்துல மாட்டி அழகு பாக்குறதுக்கு செஞ்சது. நமக்கு வேணும்ங்கிறது கார்பன் ஸ்டீல். 1045, 1060, 1095னு நம்பர் போட்டிருப்பாங்க, பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல, கடைசி ரெண்டு இலக்கம்தான் கார்பன் அளவு, 1060னா சுமாரா 0.60 சதவீதம். கார்பன் ஏற ஏற கூர் நல்லா நிக்கும், கூடவே நொறுங்குற குணமும் ஏறும். புதுசா பழகுறவங்க கை கோணலாத்தான் அடிக்கும், அதனால 1095க்கு ஆசைப்படாதீங்க, 1060 போதும். இல்லன்னா 5160, 9260ன்னு ஸ்பிரிங் ஸ்டீல் வருது, கோணலா அடிச்சாலும் வளைஞ்சு திரும்ப நேராகிக்கும், நம்மள மாதிரி தப்பு பண்றவங்களுக்கு ரொம்பப் பொறுமையான இரும்பு.

ஆனா நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, தோய்ச்சல், அதாவது இரும்பைக் காய்ச்சி முக்கி கடினமாக்குறது, எப்படி போட்டிருக்கான்ங்கிறதுதான் பாதி விஷயம். கட்டானான்னாலே கூர் ஓரமா அலை மாதிரி வெள்ளைக் கோடு ஓடுமே, அதுக்குப் பேரு ஹாமோன். முதுகுப்பக்கம் களிமண்ணை கனமா பூசிட்டு காய்ச்சி முக்குவாங்க, கூர்ப்பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறி கடினமாகும், முதுகு மெதுவா ஆறி மென்மையா இருக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல வர்ற எல்லைதான் அந்தக் கோடு. பாக்க அழகுதான், ஆனா அப்படிப்பட்ட அலகு கோணலா அடிச்சா வளைஞ்சு அப்படியே நின்னுடும், அதைத் திரும்ப நிமித்துறது தனி வித்தை. மலிவு வாள் நிறையதுல அந்தக் கோடு ஆசிட்லயோ தேய்ச்சோ வரைஞ்சதுதான். அதனால முழுசா ஒரே மாதிரி தோய்ச்சல் போட்ட, ஹாமோன் இல்லாத, வெறும் மூஞ்சியோட இருக்கிற வாளே எடுங்க, விலையும் குறையும். மடிப்பும் அதே கதைதான். பத்து தடவை மடிச்சாலே 1024 அடுக்கு வந்துடும், ஆயிரம் தடவை மடிச்சோம்னு எழுதுறவனுக்கு கணக்கும் தெரியல கொல்லு வேலையும் தெரியல. அந்தக் காலத்துல மணல் இரும்புல இருந்து எடுத்த தமாஹகனேங்கிற எஃகுல அழுக்கும் கார்பனும் ஏறுக்கு மாறா இருந்துச்சு, சீராக்க மடிச்சாங்க, இப்ப ஆலையில வர்ற ஸ்டீல் ஏற்கெனவே சீராத்தான் வருது.

இப்ப பிடி. இங்கதான் நான் ரொம்ப நேரம் நிக்கப்போறேன், ஏன்னா நான் வாங்கின முதல் வாள் அலகுல ஒரு குறையும் இல்ல, ஆனா ரெண்டாவது வாரமே வீசும்போது பிடிக்குள்ள லொடக்குனு ஒரு சத்தம், சரி பழகப் பழக இப்படித்தான் போலன்னு இன்னும் நாலு பாட்டில் வெட்டினேன், நல்ல வேளை மனசு கேக்காம நிறுத்தி கழட்டிப் பாத்தா உள்ள மரம் நீளவாக்குல பிளந்து கெடக்கு. இன்னும் பத்து வீச்சு வீசியிருந்தா அலகு தனியா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

கட்டானா பிடி எப்படி நிக்குதுன்னா, அலகோட அடிப்பகுதி, நகாகோன்னு சொல்லுவாங்க, அது ரெண்டு பாதியா ஒட்டின மரத்துக்குள்ள போய் உக்காந்திருக்கும், குறுக்கால ஒரு மூங்கில் ஆணி, மெகுகி, அவ்ளோதான். அலகைப் பிடிச்சு நிறுத்த பசையோ போல்ட்டோ கெடையாது. அந்த ஆணியும் மரமும் நகாகோவைக் கவ்வுற இறுக்கமும்தான் உங்க உயிரு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி பிடி கழட்டின போட்டோ இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேளுங்க. நகாகோ அலகோட ஒரே துண்டா இருக்கணும், அகலமா இருக்கணும், பிடி நீளத்துல மூணுல ரெண்டு பங்காவது உள்ள ஓடணும். மெல்லிசா ஒரு கம்பியை வெல்டு வெச்சு கடைசியில நட்டு போட்டு முறுக்கியிருந்தா அது அலங்காரப் பொருள், அதை வீசவே கூடாது. ஆணி ரெண்டு இருந்தா நல்லது.

வாள் கைக்கு வந்ததும் உடனே வெட்டக் கிளம்பாதீங்க. பிடியைப் பிடிச்சு நேரா நிமித்தி, இன்னொரு கை முஷ்டியால பிடிச்சிருக்கிற கை மணிக்கட்டுல மெதுவா ஒரு தட்டு தட்டுங்க. எதுவும் கடகடன்னு ஆடக் கூடாது. பிடி மேல சுத்தியிருக்கிற நாடாவை கட்டை விரலால தள்ளிப் பாருங்க, நகர்ந்துச்சுன்னா வேர்வை பட்டதும் கைக்குள்ள வழுக்கும். அப்புறம் மரச் சுத்தியலால ஆணியைத் தட்டி எடுத்து, பிடியை உருவி உள்ள ஒரு தடவை பாத்துடுங்க. ஆணி நசுங்கி, வெடிச்சு இருந்தா காய்ஞ்ச நல்ல மூங்கில்ல புதுசு சீவிப் போடுங்க, ஒரு பக்கம் தடிப்பா ஒரு பக்கம் மெலிசா இருக்கும், பெரிய ஓட்டைப் பக்கமாத்தான் போகணும். கைக்காவல் தட்டு ஜிங்க் அலாய்ல இருந்தா கொஞ்ச நாள்ல விரிசல் விடும், இரும்புல இருக்கிறதா பாத்து எடுத்தா நல்லது.

நீளத்துக்கு ஒரு பழைய வழி இருக்கு, நின்னபடி வாளை ஒரு கையில தொங்க விட்டா முனை தரையைத் தொடாம கொஞ்சம் மேல நிக்கணும். சுமாரா 170 செ.மீ. உயரம் உள்ளவங்களுக்கு அலகு 70ல இருந்து 73 செ.மீ. சரியா இருக்கும். எடை ஒண்ணேகால் கிலோ தாண்ட வேணாம். அலகு பக்கவாட்டுல வாய்க்கால் மாதிரி குழி ஓடும் சில வாள்ல, போ-ஹின்னு பேரு, எடை குறையும், சரியா வீசினா விஷ்ஷுனு சத்தம் வரும், ஆனா கோணலா அடிச்சா சீக்கிரம் வளையும். வெட்டிப் பழக குழி இல்லாததே எடுங்க. மலிவு விலைக்கு வர்றதுல பெரும்பாலானது சீனாவுல லோங்சுவான்ங்கிற ஊர்ல செய்யறது, பேரு மட்டும் கடைக்குக் கடை மாறும், அதனால பேருக்கு காசு குடுக்காம மேல சொன்னதை சரிபாருங்க. கையில இருக்கிற மொத்தத்தையும் வாளுக்கே கொட்டிடாதீங்க, ஒரு மரவாளுக்கும், வெட்டுற பொருளை நிறுத்துற ஸ்டாண்டுக்கும், எண்ணெய்க்கும் தனியா எடுத்து வைங்க. அலுமினியக் கலவையில இயாய்தோன்னு ஒண்ணு விக்கும், பயிற்சி வாள்னு போட்டிருக்கும், அது வெறுங்காத்துல வீசிப் பழக, அதால எதையும் வெட்டக் கூடாது.

வெட்டுறதுக்கு எதை வைக்கலாம்னா, மெல்லிசு பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி ரொப்பி மூடி வெச்சா ஆரம்பத்துக்கு அது போதும். ஜப்பான்ல தமேஷிகிரின்னு சொல்ற வெட்டுப் பயிற்சிக்கு தத்தாமிங்கிற தரைவிரிப்போட மேல்பாயை சுருட்டிக் கட்டி, ஒரு ராத்திரியாவது தண்ணியில ஊறப்போட்டு நிறுத்துவாங்க, கோரைப்பாய் சுருளும் அதே மாதிரி ஊறவெச்சா வெட்டலாம். நனைஞ்ச நியூஸ்பேப்பர் சுருளும் ஓகே. காய்ஞ்ச அட்டை அலகோட கூர்மையைத் தின்னுடும். மரக்கிளை, தகர டப்பா, காய்ஞ்ச மூங்கில் இதெல்லாம் வேணவே வேணாம், பச்சை மூங்கிலும் ஒரு வருஷம் போகட்டும். ஸ்டாண்டு அடி கனமா, ஆடாம இருக்கணும், பாயை செருகுற குச்சி மரத்துல இருக்கணும், இரும்பு ஆணியை நிறுத்தி வெச்சு தவறி கீழ வெட்டினா அலகுல பல்லு விழும்.

முதல்ல ஒரே வெட்டு, கேசகிரி, தோள்ல இருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு சாய்வா இறங்குறது, கிட்டத்தட்ட 45 டிகிரி. வாள் எந்தப் பக்கம் போய் முடியுதோ அந்தப் பக்கத்துக் கால் பின்னால இருக்கணும், வலது மேல இருந்து இடது கீழ வெட்டினா இடது கால் பின்னாடி. இதை மறந்தா முழங்கால் போயிடும், அதனால மரவாள்ல நூறு தடவை வீசி கால் தானா நிக்கிற வரைக்கும் நிஜ வாளைத் தொடாதீங்க. வலது கை கைக்காவல் தட்டுக்குக் கிட்ட, இடது கை பிடிக்கு கடைசியில, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி, இறுக்கம் சுண்டு விரல்லயும் மோதிர விரல்லயும். முனையில இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கிற இடத்தால வெட்டணும். பலம் வேண்டாம், கூர் போற திசையும் வீச்சு போற திசையும் ஒண்ணா இருந்தா போதும், ஹாசுஜின்னு சொல்றது இதுதான். பாட்டில் வெட்டுப்படாம பறந்து போச்சுன்னா திசை கோணல்னு அர்த்தம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரி உடனே வாளைத் தீட்ட உக்காராதீங்க. வெட்டின பாய் முகத்தைப் பாருங்க, தட்டையா இருந்தா சரி, கிண்ணம் மாதிரி குழிஞ்சிருந்தா நடுவுல மணிக்கட்டு திரும்பியிருக்கு. படுக்கைவாட்டுல வெட்டுறது எல்லாத்தையும் விட கஷ்டம், கடைசியா வெச்சுக்குங்க.

முன்னாடியும் பின்னாடியும் பக்கத்துலயும் ஆளே இருக்கக் கூடாது, நாய்க்குட்டிகூட கூடாது. வேடிக்கை பாக்க வந்தவங்க வாள் நீளத்துக்கு நாலு மடங்கு தள்ளி, அதுவும் உங்களுக்கு நேர் எதிர்ல இல்லாம நிக்கட்டும். ஈரப் புல்லுல செருப்போட நிக்காதீங்க. கை சோர்ந்துச்சுன்னா அன்னைக்கு அதோட முடிச்சுக்குங்க. அப்புறம் உறை, நிறைய பேரு கையை அறுத்துக்கிறது வெட்டும்போது இல்ல, உருவும்போதும் திரும்பச் செருகும்போதும்தான். உறையோட வாய்ப்பக்கத்தை விரல் சுத்தி மூடுற மாதிரி பிடிக்காதீங்க, மலிவு உறையை கூர் உள்ளேருந்து கிழிச்சுட்டு வந்துடும். பயிற்சி முடியற வரைக்கும் உறையைத் தூரமா வெச்சிடுங்க, சினிமா பாணியில செருகுறதெல்லாம் வேணாம்.

ஒவ்வொரு பத்து வெட்டுக்கும் ஒரு தடவை அந்த மணிக்கட்டுத் தட்டல், ஆணி வெளிய வந்திருக்கான்னு விரலால ஒரு தடவல். சத்தம் கேட்டுச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்துங்க. முடிச்சதும் ஈரத்தோட உறைக்குள்ள போடாதீங்க, கார்பன் ஸ்டீல் ஒரே ராத்திரியில துரு பிடிக்கும். முதுகுப்பக்கமா துணியை மடிச்சுப் பிடிச்சு பிடியில இருந்து முனைக்குத் துடைச்சு, மினரல் ஆயில் ஒரு மெல்லிசுப் படலம் தடவுங்க, ஜப்பான்காரங்க லேசா கிராம்பு வாசனை வர்ற சோஜி எண்ணெய் போடுவாங்க, அது கெடைக்கலன்னா தையல் மெஷின் எண்ணெயே போதும், சமையல் எண்ணெய் மட்டும் வேணாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அப்புறம் கூர் மேல பாத்த மாதிரி படுக்க வெச்சு, குழந்தைங்க கை எட்டாத இடத்துல பூட்டி வைங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.