டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி தேர்வு: விருப்பப் பட்டியல் நிரப்புவது எப்படி?

டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் ரெகுலர் பட்டப்படிப்புகளுக்கு 2022 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து கட்-ஆஃப் போடுவதில்லை. கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும், பல்கலைக்கழகம் சீட் ஒதுக்கும் சி.எஸ்.ஏ.எஸ். (CSAS) இணையப் போர்ட்டலில் நீங்கள் கொடுக்கும் விருப்ப வரிசையும்தான் சீட்டைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் சறுக்கும் இடங்கள் வேறு.

1. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே படிப்பை முடிவு செய்யுங்கள்

கியூட்டில் அதிகபட்சம் 5 தாள்கள். ஒவ்வொரு படிப்புக்கும் எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டில் இருக்கும். பொருளாதாரம் ஆனர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம், இன்னும் இரண்டு பாடங்கள் வேண்டும். கணிதத் தாள் எழுதாதவர் மற்றவற்றில் எவ்வளவு எடுத்தாலும் அந்தப் படிப்பைக் கேட்க முடியாது. பிளஸ் டூவில் படித்த பாடங்களையே எழுதுங்கள். மொழித் தாளாகத் தமிழையும் எடுக்கலாம். ஆங்கில இலக்கியம் போன்ற சில படிப்புகளுக்கு ஆங்கிலத் தாள் கட்டாயம்.

2. ஓ.பி.சி. சான்றிதழ்

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். பள்ளியில் கொடுத்த பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் டெல்லியில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (ஓ.பி.சி.யில் வசதி மிக்க பிரிவு) அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் சேரும் ஆண்டின் மார்ச் 31-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் ஓடினால் நேரம் போதாமல் போகலாம்.

3. கல்லூரி எங்கே இருக்கிறது?

டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்காது. இந்து, ராம்ஜாஸ், கிரோரி மல், ஹன்ஸ்ராஜ், மிராண்டா ஹவுஸ் ஆகியவை வடக்கு வளாகத்தில், விஸ்வவித்யாலயா மெட்ரோவை ஒட்டிய பகுதியில் இருக்கின்றன. புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து மஞ்சள் வழித்தடத்தில் நேராகப் போகலாம். ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி தெற்கு வளாகத்தின் பக்கம். அதிதி மகாவித்யாலயா பவானாவில், சுவாமி ஷ்ரத்தானந்த் கல்லூரி அலிப்பூரில். இரண்டும் நகரின் வட விளிம்பு. பட்டியலில் ஏற்றும் முன் ஒவ்வொரு கல்லூரியையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். பெயரில் 'ஈவினிங்' என்று இருந்தால் அது மாலைக் கல்லூரி. பார்க்காமல் சேர்த்துவிட்டு வருந்துபவர்கள் உண்டு.

4. வரிசை

பட்டியலின் ஒவ்வொரு வரியும் படிப்பும் கல்லூரியும் சேர்ந்த ஒரு ஜோடி. 'இந்து – பொருளாதாரம்' ஒரு வரி, 'இந்து – அரசியல் அறிவியல்' இன்னொரு வரி. உங்களுக்குப் படிப்பு பெரிதா, கல்லூரி பெரிதா என்பதை இங்கே முடிவு செய்தாக வேண்டும். படிப்பையே முதலில் வையுங்கள் என்பது எங்கள் கருத்து. பிடிக்காத பாடத்தைப் பெயர் பெற்ற கல்லூரியில் மூன்று, நான்கு ஆண்டுகள் படிப்பது பெரும் பாரம்.

'கிடைக்காது' என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் சீட்டை ஒதுக்கும். எட்டாவது விருப்பம் கிடைத்தால், அடுத்த சுற்றுகளில் ஒன்று முதல் ஏழு வரைதான் பார்க்கும். ஒன்பதும் அதற்குக் கீழே உள்ளவையும் போனவைதான். கிடைக்காததை மேலே வைப்பதால் நட்டம் எதுவும் இல்லை.

பத்து வரியோடு நிறுத்தவும் வேண்டாம். தகுதியுள்ள, உண்மையில் போய்ச் சேரத் தயாரான எல்லாவற்றையும் ஏற்றுங்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தக் குறைந்தபட்ச மதிப்பெண் வரை சீட் ஒதுக்கப்பட்டது என்பதைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. ஒப்பிடும்போது மொத்தத்தைக் கவனியுங்கள்: நான்கு தாள்களுக்கு 2023-இல் 800, 2025 முதல் 1000. ஒதுக்கீட்டுக்கு முன் உத்தேச ரேங்க் காட்டி வரிசையை மாற்ற அவகாசம் தருவார்கள். கெடு முடிந்ததும் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

5. சீட் வந்த பிறகு

கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்காவிட்டால் அடுத்த சுற்றுகளில் இடமில்லை. கல்லூரி சான்றிதழ்களைச் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும் கட்டணம் கட்ட வேண்டும். அதன் பிறகு 'ஃப்ரீஸ்' (கிடைத்த சீட்டே போதும்) அல்லது 'அப்கிரேட்' (பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது) என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அப்கிரேடில் மேலான இடம் கிடைத்த நொடியில் பழைய சீட் போய்விடும், திரும்ப வராது.

ஹாஸ்டலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சீட் கிடைத்தாலே அறையும் கிடைத்துவிடாது. அறை கிடைக்காத மாணவர்கள் வடக்கு வளாகத்தில் கமலா நகர், விஜய் நகர் பக்கமும், வெங்கடேஸ்வராவில் எதிரே உள்ள சத்ய நிகேதனிலும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் தங்குமிடம்) பார்க்கிறார்கள். வாடகை முன்பணம் கொடுக்கும் முன் 'ஃப்ரீஸ்' செய்துவிட்டீர்களா என்று பாருங்கள்.