வெஸ்ட்லேண்ட் வேர்ல்விண்டை கேமில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ல்விண்ட் இரண்டாம் உலகப் போரில் பறந்த, இரட்டை எஞ்சின் கொண்ட பிரிட்டிஷ் போர் விமானம். இரண்டு முன்மாதிரிகளையும் சேர்த்தால் மொத்தம் 116தான் கட்டப்பட்டது. இன்று முழுசாக ஒன்றுகூட மிச்சமில்லை. நேரில் போய் அளக்கவோ, காக்பிட்டுக்குள் படம் எடுக்கவோ வழியில்லை. அதனால் தகவல் கிடைக்காத இடத்திலெல்லாம் அதே காலத்து பிரிட்டிஷ் விமானங்களான ஸ்பிட்ஃபயரிலிருந்தோ பியூஃபைட்டரிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த விமானத்தின் கேம் மாடல்களில் பார்க்கிற பிழைகளில் முக்கால்வாசி இந்த இரவலில்தான் தொடங்குகின்றன.

முதலில் எஞ்சின். ரோல்ஸ் ராய்ஸ், V12 என்றதும் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினான மெர்லினின் கோப்பை நகலெடுத்து, குதிரைத்திறனை மட்டும் குறைத்துவிடுகிறார்கள். வேர்ல்விண்டில் இருந்தது பெரிக்ரின். அதே நிறுவனத்தின் முந்தைய கெஸ்ட்ரல் எஞ்சின் வழியில் வந்த 21 லிட்டர் எஞ்சின். மெர்லின் 27 லிட்டர். பெரிக்ரினின் உச்ச சக்தி 15,000 அடியில் 885 குதிரைத்திறன். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் சூப்பர்சார்ஜருக்கு ஒரே வேகம்தான். அதனால் அந்த உயரத்துக்கு மேல் சக்தி காற்றழுத்தத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். 25,000 அடியில் காற்றழுத்தம் 15,000 அடியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அங்கே ஓர் எஞ்சின் சுமார் 580 குதிரைத்திறன் தந்தாலே அதிகம். பின்னாளைய மெர்லின்களின் இரண்டு வேக சூப்பர்சார்ஜர் அட்டவணை உள்ளே இருந்தால் இரண்டாவது மேடு ஒன்று முளைத்து, நிஜத்தில் மேலே திணறிய விமானம் கேமில் அங்கேதான் வேட்டையாடும். சக்தி வரைபடத்தை வரைந்து பாருங்கள். ஒரே ஒரு மேடுதான் இருக்க வேண்டும்.

எரிபொருளிலும் இதே கதை. சிறகுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேங்க், ஒவ்வொன்றும் 67 காலன், அதாவது சுமார் 305 லிட்டர். இடது டேங்க் இடது எஞ்சினுக்கு, வலது டேங்க் வலதுக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிட முடியாது. கோப்பில் பொது டேங்க் ஒன்றை வைத்துவிட்டால், ஒரு டேங்க் ஓட்டையானதும் அந்தப் பக்க எஞ்சின் நின்றுபோகிற நிலைமையே கேமில் வராது.

இப்போது கண்ணுக்கு நேரே தெரிந்தும் பலர் கவனிக்காத ஒன்று. பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் வலது எஞ்சின் கூட்டைச் செய்து முடித்து, மிரர் போட்டு இடதுபக்கத்தையும் உருவாக்குவார்கள். ப்ரொப்பெல்லரும் அதோடு சேர்ந்து மிரர் ஆகிவிடும். அலகுகளின் முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். முதல் முன்மாதிரியில் மட்டுமே இரண்டு எஞ்சின்களும் எதிரெதிராகச் சுழன்றன. தயாரிப்பில் வந்தவை எல்லாம் ஒரே திசைதான். ஆகவே மிரர் ஆன ப்ரொப்பெல்லரை கேமில் சரியான திசையில் சுழற்றினால் அலகின் பின்விளிம்பு காற்றை வெட்டிக்கொண்டு போகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது நிறுத்திப் பார்த்தால் அப்படியே தெரியும். ப்ரொப்பெல்லரை மிரரிலிருந்து பிரித்து, நகலெடுத்து, சிறகின் குறுக்கே நகர்த்தி மட்டும் வையுங்கள். ஃப்ளைட் மாடலிலும் இரண்டுக்கும் ஒரே சுழல் திசையைக் கொடுங்கள். எதிரெதிர் திசை கொடுத்தால் டேக் ஆஃபில் விமானம் ஒரு பக்கம் இழுப்பதே மறைந்துவிடும். டெக்ஸ்சரையும் பாருங்கள்: இரு பக்கத்துக்கும் ஒரே UV (படத்தை மாடலின் மேல் பொருத்தும் வரைபடம்) என்றால் ஒரு பக்கம் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும்.

எடை கிட்டத்தட்ட 4,700 கிலோ, சிறகுப் பரப்பு 23.2 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 202 கிலோ வரும். முதல் ஸ்பிட்ஃபயருக்கு இது 130க்கும் கீழே. திருப்பத்தில் வேர்ல்விண்ட் ஸ்பிட்ஃபயரைப் பிடிக்கிறது என்றால் எண் எங்கோ தவறு. உருளல் நிலைமத்தையும் (விமானம் பக்கவாட்டில் உருள்வதை எதிர்க்கும் தன்மை) ஒற்றை எஞ்சின் விமானத்திலிருந்து எடுக்கக் கூடாது. அரை டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் பக்கத்துக்கு ஒன்று நடுக்கோட்டை விட்டுத் தள்ளி இருக்கிறது. நிலைமம் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஸ்டிக்கைத் தொட்ட மறுநொடி விமானம் சுண்டிவிட்டதுபோல் உருளும். சிறகு முனையோரத்தில் முன்விளிம்பில் திறக்கும் ஸ்லாட்டுகளுக்கு அனிமேஷன் வேண்டாம். படையில் அவற்றை மூடியே பூட்டிவிட்டார்கள். சிறகின் பின்விளிம்பில் பின்னோக்கி நீண்டு இறங்கும் ஃபௌலர் ஃபிளாப்புக்குத்தான் உழைக்க வேண்டும்: ஒரு எய்லரானிலிருந்து (உருளலுக்கான அசையும் பலகை) மறு எய்லரான் வரை ஒரே நீளம், எஞ்சின் கூட்டின் பின்முனையும் அதோடு சேர்ந்து இறங்கும்.

ஆயுதத்தில், மூக்கில் நான்கு 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கித் துப்பாக்கிகள். பியூஃபைட்டரின் பெல்ட் ஊட்டத்தைக் கொண்டுவராதீர்கள். இங்கே டிரம், துப்பாக்கிக்கு 60 குண்டு, மொத்தம் 240. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் 6 நொடியில் தீர்ந்துவிடும். அந்த 6 நொடிதான் இந்த விமானத்தின் குணமே. சிறகுத் துப்பாக்கிக்கான குவிய தூரத்தை (இரு சிறகுகளின் குண்டுகளும் ஒன்றுகூடும் தூரம்) அப்படியே விட்டுவைத்தாலும் தப்பு; நெருக்கமாக உள்ள நான்கும் ஏறக்குறைய இணையாகவே சுட வேண்டும்.

சோதனையில் நல்ல மாடலையும் கெடுத்துவிடும் ஒரு குழப்பம் உண்டு. 15,000 அடியில் மணிக்கு 360 மைல் என்பது உண்மை வேகம், காக்பிட் முள் காட்டுவது அல்ல. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் 63 சதவீதம். அதன் வர்க்கமூலம் 0.79. ஆக முள் 285ஐ ஒட்டி நிற்கும்போதே விமானம் 360ஐத் தொட்டுவிட்டது. முள்ளில் 360 வரவில்லையே என்று இழுவையைக் குறைத்துக்கொண்டே போனால் உண்மை வேகம் 450 மைலைத் தாண்டிவிடும்.

பெயின்ட்டையும் குண்டுகளையும் தேதியோடு பூட்டிவையுங்கள். 1940இல் 263ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தபோது மேலே பச்சையும் மண்பழுப்பும். பச்சையும் சாம்பலுமான பூச்சு 1941 ஆகஸ்டுக்குப் பிந்தியது. வெடிகுண்டுத் தாங்கிகள் 1942இல்தான் வந்தன. பழுப்புப் பூச்சில் 250 பவுண்டு குண்டு தொங்கினால் அது நடக்காத வரலாறு. விமான உடலில் எழுதும் ஸ்குவாட்ரன் எழுத்துகள் 263க்கு HE, 137க்கு SF. இந்த விமானத்தோடு போருக்குப் போனவை இந்த இரண்டு ஸ்குவாட்ரன்கள் மட்டுமே. பறந்தது பிரிட்டனிலிருந்து, பெரும்பாலும் ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில் ஜெர்மானியர் பிடித்திருந்த கரையோரத்துக்கு. மால்டா, பர்மா வரைபடங்களில் இதற்கு வேலையில்லை. 1943 டிசம்பரில் 263 டைஃபூன் விமானத்துக்கு மாறியது. அதற்குப் பிந்தைய மிஷன் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.