மரத்தில் ஒருவரின் முகம்: பொம்மை செதுக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரப்பாச்சிக்குத் தனியாள் முகம் தேவையில்லை. ஆணா பெண்ணா என்று தெரிந்தால் போதும், மீதியைக் குழந்தையின் மனம் பார்த்துக்கொள்ளும். ஆனால், பேரப்பிள்ளை கண்டவுடனே "இது எங்கட அப்பப்பா" என்று சொல்ல வேண்டிய பொம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது. திருகோணமலையில் தளபாட வேலையிலிருந்தும் கோயில் வாகன வேலையிலிருந்தும் இந்தப் பக்கம் வரும் இளைஞர்கள் உளி பிடிப்பதில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் செய்யும் முகம் வேறு யாரோ ஒருவருடையதாகிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். எடுத்த எடுப்பில் கண்ணுக்கும் உதட்டுக்கும் போய்விடுகிறார்கள். சாயல் அதற்கு முன்பே, தலையின் மொத்த வடிவத்திலேயே வந்துவிட வேண்டும்.

பொழுதுபடும் நேரம் டச்சுப் பே கடற்கரையில் தூரத்தே நடந்து வருபவரின் கண்ணும் மூக்கும் தெரியாது. ஆனாலும் "மாமா வாறார்" என்று சொல்லிவிடுகிறோம். நெற்றிச் சரிவும், தாடையின் அகலமும், கழுத்து தோளில் இறங்கும் விதமும்தான் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. பொம்மைக்கும் இதே சோதனையை வையுங்கள். கண் செதுக்காத தலையை ஜன்னலோரம் பக்கவெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். ஆள் தெரியவில்லையென்றால் கண்ணைத் தொடாதீர்கள்.

அந்த வடிவம் கெடுவது பெரும்பாலும் கட்டை தேர்வதிலேயே. கையில் இரண்டு அங்குலப் பலகை இருக்கிறது என்பதற்காக அதிலேயே தலையைச் செதுக்கினால் பின்மண்டை தட்டையாகிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியிலிருந்து பின்மண்டை வரையுள்ள ஆழம், தலையின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாலு அங்குல உயரத் தலைக்கு மூன்றரை அங்குல ஆழமாவது வேண்டும், மூக்குக்கு அதற்கு மேலும் மரம் விட வேண்டும். இன்னொரு பொதுவான பிழை, கண்ணை மேலே ஏற்றி வைப்பது. வளர்ந்தவருக்குக் கண் கோடு உச்சிக்கும் நாடிக்கும் சரி நடுவில் வரும். சிறுபிள்ளைக்கு அதற்கும் கீழே. கவராயத்தால் அளந்து பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

கோயில் வேலை பழகிய கைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தெய்வ முகத்தின் இரு பாதியும் ஒத்திருப்பதுதான் அழகு. மனித முகம் அப்படி இல்லை. ஒரு புருவம் சற்று உயர்ந்திருக்கும், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும். அந்தக் கோணலைச் சரிசெய்துவிட்டால் முகம் அழகாகத்தான் இருக்கும், அவராக இருக்காது.

படம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் போய்விடும். ஆறேழு அடி தள்ளி நின்று, முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்பக்கம் எல்லாம் எடுங்கள். இறந்தவர்களுக்குச் செய்யும்போதுதான் சிக்கல். இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் அல்பங்களை இழந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. சில வீடுகளில் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதில் பக்கத்தோற்றம் இல்லை. அங்கே கற்பனையில் ஒரு மூக்கை வைத்துவிடுவது பெரிய தவறு. "அக்கா, அப்பாட மூக்கு ஆருக்கு வந்திருக்கு?" என்று கேளுங்கள். ஒரு தம்பியோ மகளோ கட்டாயம் இருப்பார்கள். அவர்களைப் பக்கவாட்டில் இருத்திப் பார்த்துச் செதுக்குவது நூறு மடங்கு நல்லது. பழைய ஸ்டூடியோப் படங்களில் சுருக்கங்களை அழித்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மரம். வெட்டி இரண்டு மாதமான வேப்பங்கட்டையில் முகம் செதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது காய விடும் பொதுக் கணக்கு. மரம் சுருங்கும்போது வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் நடுக்குருத்தோடு முழு உருளையாக விட்ட கட்டை வெளியிலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கும், பல தடவை முகத்தின் குறுக்கே. கட்டையை நாலாகப் பிளந்து, நடுக்குருத்தை நீக்கி, வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்டோ பூசிக் காய விடுங்கள். வாடை மழையில் ஈரம் குடித்த மரம், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களில் அதைக் கக்கும். பெரிய தலையென்றால் பின்பக்கம் திறந்து உள்ளே குடைந்துவிடுவது பாதுகாப்பு. பழகுபவருக்கு மகோகனி நல்லது. முதிரை உறுதியானதுதான், ஆனால் நார் பின்னிக் கிடக்கும், அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும்.

இனிக் கண்ணுக்கு வரலாம். தட்டையான முகத்தில் பாதாம் வடிவத்தைக் கீறி, அதைச் சுற்றித் தோண்டுவதுதான் எல்லோரும் செய்வது. கண் ஒரு உருண்டை, இமைகள் அதன்மேல் போர்த்திய தோல். முதலில் கண்குழியை இறக்குங்கள். அதற்குள் உருண்டையை விடுங்கள். பிறகு அந்த உருண்டையின் வளைவிலேயே இமைகளை எடுங்கள். வெளிமூலையில் மேலிமை கீழிமையை மூடி இறங்கும். பக்கவாட்டில் பார்த்தால் மேலிமை கீழிமையைவிடச் சற்று முன்னே நிற்கும். கருவிழியின் மேல்விளிம்பை மேலிமை கொஞ்சம் மறைக்க வேண்டும், வட்டம் முழுதாகத் தெரிந்தால் ஆள் திடுக்கிட்டு முழிப்பது போலிருக்கும். இமைக்குத் தடிப்பு கொடுங்கள். அந்த மெல்லிய விளிம்பின் நிழல்தான் பார்வைக்கு உயிர் கொடுக்கிறது.

சாண்ட் பேப்பரை முகத்தில் அளவுக்கு மேல் ஓட்ட வேண்டாம். அது சுருக்கத்தையும் உதட்டோரத்தையும் ஒன்றாக மழுக்கிவிடும். மணல் ஒட்டிய மரத்தில் திரும்ப உளி வைத்தால் உளியும் மழுங்கும். தலையையும் கைகளையும் இணைக்க இரும்பாணி அடிக்காதீர்கள். எங்கள் கடற்காற்றில் துருப்பிடித்து மரத்தில் கறை ஊறும். மூங்கில் ஆணி போதும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரையுள்ள கையின் நீளம், முகத்தில் நாடியிலிருந்து நெற்றியின் மேல்பகுதி வரை வரும், பலர் சின்னதாகச் செய்துவிடுகிறார்கள்.

நிறத்தில் நடக்கும் தவறு மனதுக்குக் கஷ்டமானது. "கொஞ்சம் வெள்ளையா அடியுங்கோ தம்பி" என்று வீட்டார் கேட்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். வெயிலில் வலை இழுத்த மனிதரின் கறுப்பு அவருடைய முகத்தின் பாதி. அந்தக் கறுப்பும் ஒரே நிறமல்ல. காதிலும் மூக்கு நுனியிலும் செம்மை ஓடும், கண்ணுக்குக் கீழே இருளும், சவரம் செய்த இடம் சாம்பல் தட்டும். தண்ணீராய்க் கரைத்த நிறத்தைப் பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். உதட்டுக்கு ரோஸ் நிறம் வேண்டவே வேண்டாம். தோல் முழுவதற்கும் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். மினுக்கம் கண்ணிலும் கீழுதட்டிலும் மட்டும் இருக்கட்டும். கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வார்னிஷ் பூசிய விழியில் அறையின் வெளிச்சமே புள்ளியாக விழும், பார்ப்பவர் நகர அதுவும் நகரும்.