வேலூர் கோட்டை வெட்ட ஒரு மூங்கில் வில்லு: வீட்லயே தெர்மாகோல் கட்டர் செய்யறது எப்படி

எங்க அக்கா பையன் ஏழாவது படிக்கறான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் வந்து நிக்கறான், மாமா திங்கக்கிழமைக்குள்ள வேலூர் கோட்டை மாடல் செஞ்சி எடுத்துக்கினு போணும்னு. எப்படா சொன்னாங்கன்னு கேட்டா ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்களாம், அய்யாவுக்கு இப்பதான் ஞாபகம் வந்துதாம். சரின்னு ஒரு இன்ச் தெர்மாகோல் ஷீட்டு வாங்கியாந்து பேப்பர் கட்டரால அறுக்க ஆரம்பிச்சோம். கோட்டை மதில் மேல பல்லு பல்லா இருக்குமே, அதுல ஒண்ணு கூட நேரா வரல, ஓரமெல்லாம் புட்டு மாதிரி உதிருது, வீடு ஃபுல்லா வெள்ளை உருண்டை, ஃபேன் போட்டா பறக்குது, தொடப்பத்தால தள்ளினா தொடப்பத்துலயே ஒட்டிக்குது. அக்கா மூஞ்ச பாக்கணுமே.

அன்னிக்கு ராத்திரி தான் இந்த வில்ல செஞ்சேன். சூடான கம்பியால வெட்டினா தெர்மாகோல் உதிராது, உருகி வழி விடும், ஓரம் கண்ணாடி மாதிரி வழவழன்னு வரும். கேக்க ஈஸியா இருக்கு, ஆனா மொத தடவை செய்யறவங்க முக்கால்வாசி பேரு ஒரே எடத்துல தான் தப்பு பண்றாங்க: கம்பி செவக்க செவக்க எரிஞ்சாதான் நல்லா வெட்டும்னு நெனைக்கறாங்க. செவக்கவே கூடாதுங்க. தெர்மாகோல் 100 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும், செவந்த கம்பின்னா 600 டிகிரிக்கு மேல. அவ்ளோ சூடு வச்சா வெட்டாது, பொசுக்கும், கரும்புகை வரும், அந்த புகைய நீங்க தான் மோந்துக்கினு இருப்பீங்க.

வேண்டிய சாமான்

நிக்ரோம் கம்பி (ஹீட்டர்ல சூடாகற கம்பி) 28 கேஜ், ஒரு மீட்டர்; கேஜ்னா கம்பியோட தடிமன் நம்பர், இது SWG கணக்கு. பழைய போன் சார்ஜர் ஒண்ணு, 5 வோல்ட் 2 ஆம்ப்னு மேல போட்டிருக்கணும். வீணாப்போன யூஎஸ்பி கேபிள். பச்சை மூங்கில் பட்டை 40 சென்டிமீட்டர் நீளம், ரெண்டு விரல் அகலம். சின்ன போல்ட்டு 2, நட்டு 2, வாஷர் 4. கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப்பு. மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் எல்லாம் அளக்கற மீட்டர்) இருந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா ஓசி வாங்குங்க, இத்த அளக்காம செய்யாதீங்க.

கம்பி எங்க கெடைக்கும்னா, மோட்டார் ரீவைண்டிங் பண்ற கடை, இல்ல இஸ்திரிப்பெட்டி ஹீட்டர் ரிப்பேர் பண்ற கடையில கேளுங்க. வேலூர் லாங் பஜார் பக்கம் போனா நாலு கடை ஏறி எறங்கினா கெடைச்சிடும். "காயில் கம்பி" ன்னு மட்டும் சொன்னா செம்புக் கம்பிய தூக்கி குடுத்துடுவாங்க, "ஹீட்டர் கம்பி, நிக்ரோம், 28 கேஜ்" னு முழுசா சொல்லுங்க. நிக்ரோம்னா 80 பங்கு நிக்கல் 20 பங்கு குரோமியம் கலந்த கம்பி, 1906ல அமெரிக்காவுல ஆல்பர்ட் மார்ஷ்னு ஒருத்தர் இதுக்கு பேட்டன்ட் வாங்கினாரு, வீட்ல டோஸ்டர்ல இருந்து ஹேர் ட்ரையர் வரைக்கும் சூடாகறது எல்லாம் இந்த குடும்பம் தான்.

(இதே கம்பிய இதே கணக்குல சுத்திதான் வெளிநாட்டுல வேப், அதான் இ-சிகரெட்டு, ஊதறவங்க காயில் செய்யறாங்க, அத்த பத்தி கேட்டு யாரும் மெசேஜ் போடாதீங்க. நம்ம ஊர்ல 2018லயே இ-சிகரெட்டுக்கு தடை வந்துச்சி, 2019ல நாடு முழுக்க சட்டமே போட்டாங்க. நமக்கு தெர்மாகோல் போதும்.)

வாங்கினது நிக்ரோம் தானான்னு பாருங்க

மல்டிமீட்டர்ல ஓம்ஸ் (கரண்ட்ட கம்பி எவ்ளோ தடுக்குதுன்ற அளவு, அதான் ரெசிஸ்டன்ஸ்) வச்சி மொதல்ல ஒயர் முனையில இருக்கற ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு பாருங்க, 0.3 மாதிரி எதாவது காட்டும், அது முள்ளோட ஒயர் ரெசிஸ்டன்ஸ், அத்த கழிச்சிக்கணும். அப்பறம் ஒரு மீட்டர் கம்பிய அளங்க. 28 கேஜ் நிக்ரோம்னா கிட்டத்தட்ட 10 ஓம்ஸ் வரும். ஒண்ணு ஒண்ணரை ஓம்ஸ் தான் காட்டுதுன்னா அது கட்டுக்கம்பி, கடைக்காரர் கிட்ட திருப்பி குடுங்க. 13 கிட்ட காட்டினா அது காந்தல், இரும்பு குரோமியம் அலுமினியம் கலந்தது, அதுவும் ஹீட்டர் கம்பி தான், வேலை செய்யும். காந்தம் வச்சி பாத்தாலும் தெரியும், காந்தல் ஒட்டும், 80-20 நிக்ரோம் ஒட்டாது.

கணக்கு, இத்த மட்டும் தாண்டி போகாதீங்க

ஒரு மீட்டருக்கு 10 ஓம்ஸ்னா 30 சென்டிமீட்டருக்கு 3 ஓம்ஸ். 5 வோல்ட்ட 3 ஆல வகுத்தா 1.7 ஆம்ப் சொச்சம். அதான் 2 ஆம்ப் சார்ஜர் கேட்டேன். வாட்ஸ் பாத்தா 8 சொச்சம், 30 சென்டிமீட்டர்ல பரவி நிக்கும், தெர்மாகோலுக்கு இது கச்சிதம்.

இப்ப சார்ஜர் அதே தான், கம்பிய மட்டும் பாதியாக்கி 15 சென்டிமீட்டர் போட்டா இன்னா ஆவும்? ரெசிஸ்டன்ஸ் பாதி, கரண்ட் ரெண்டு மடங்கு, வாட்ஸும் ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்கு சூடும் பாதி நீளத்துல தான் எறங்கணும், அப்ப ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நாலு மடங்கு. சின்ன வில்லு தான செய்யறோம், சின்ன கம்பி போதும்னு நெனைக்கறவங்க மாட்டறது இங்க தான். சார்ஜர் நல்லதா இருந்தா தானா ஆஃப் ஆயிடும், மட்டமான சார்ஜர்னா அதுவே உருகும்.

நானும் மாட்டினேன். மொத தடவை சார்ஜர் தேட சோம்பேறித்தனப்பட்டு பைக் பேட்டரிய கழட்டி 20 சென்டிமீட்டர் கம்பிய மாட்டிட்டேன். 12 வோல்ட், 2 ஓம்ஸ், 6 ஆம்ப். செவந்துச்சி, மஞ்சளாச்சி, டப்புனு அறுந்து மடியில விழுந்துச்சி. புது குடியாத்தம் லுங்கியில ரெண்டு ஓட்டை, தொடையில ஒரு கோடு, அது இன்னிக்கும் இருக்கு. பேட்டரிக்கு சார்ஜர் மாதிரி ஆஃப் ஆகற புத்தி கெடையாது, எவ்ளோ கேட்டாலும் குடுக்கும், அதனால புதுசா செய்யறவங்க பேட்டரி பக்கமே போக வாணாம்.

பெரிய வில்லு வேணும், 12 வோல்ட் அடாப்டர் தான் இருக்குன்னா அதே 28 கேஜ்ல 75 சென்டிமீட்டர் போடுங்க, அடாப்டர்ல 2 ஆம்ப் போட்டிருக்கான்னு பாத்துக்குங்க, ரவுட்டரோட வர்றது நெறைய 1 ஆம்ப் தான்.

இன்னொண்ணு, இத்த கோவமாவே சொல்றேன். வீட்டு பிளக்ல இருந்து நேரா 230 வோல்ட் எடுத்து நடுவுல ஒரு குண்டு பல்பு போட்டு கம்பிய சூடு பண்ற வீடியோ எல்லாம் சுத்துது. அந்த கம்பியில தோலே கெடையாது, கை பட்டா ஆளு காலி. பல்பு கம்பிய காப்பாத்தும், உங்கள காப்பாத்தாது.

வில்லு கட்டறது

மரச்சட்டத்துல யூ மாதிரி ஃபிரேம் அடிச்சி ஸ்பிரிங் வச்சி இழுத்து கட்டறதும் ஒரு முறை. எனக்கு மூங்கில் தான் புடிக்கும், ஏன்னா கம்பி சூடானா நீளும், 30 சென்டிமீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேலயே நீளும், தொய்ஞ்ச கம்பியில வெட்டினா கோட்டை மதில் தொப்பை போட்டுடும். மூங்கில் வளைஞ்சி நிக்கறதால தானாவே இழுத்து புடிச்சிக்கும், தனியா ஸ்பிரிங் வாணாம். ஆனா பச்சையா இருக்கணும், காஞ்சத வளைச்சா பொளந்துக்கும்.

பட்டையோட ரெண்டு முனையிலயும் ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளி ஓட்டை போடுங்க. ஆணிய அடுப்புல காட்டி பிளேயரால புடிச்சி வச்சி அழுத்துங்க, சுத்தியால அடிச்சா மூங்கில் பொளந்துடும். ரெண்டு ஓட்டையிலயும் போல்ட்ட விட்டு, ரெண்டு வாஷருக்கு நடுவுல கம்பி முனைய ஒரு சுத்து சுத்தி, கேபிளோட செம்பு முனையையும் அதே வாஷர் நடுவுல குடுத்து நட்ட முறுக்குங்க. சால்டரிங் பண்ண பாக்காதீங்க, நிக்ரோம்ல சாதா ஈயம் ஒட்டாது, ஒட்டினாலும் சூட்டுல கழண்டுக்கும். மொதல்ல ஒரு பக்கம் முறுக்கிட்டு, மூங்கில வயித்துல முட்டு குடுத்து வளைச்சி, ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல சரியா 30 சென்டிமீட்டர் கம்பி நிக்கற மாதிரி இன்னொரு பக்கத்த முறுக்கணும். கூட ஒரு ஆள் இருந்தா நல்லது. விரலால மீட்டினா டங்குனு சத்தம் வரணும்.

கேபிள்ல பெரிய முனை, சார்ஜர்ல சொருகறது, அத்த அப்படியே வச்சிக்கினு மறுமுனைய வெட்டுங்க. உள்ள செவப்பு, கருப்பு ரெண்டு ஒயர் தான் வேணும், பச்சை வெள்ளைய தனியா டேப்பு சுத்தி விட்டுடுங்க. எது எந்த பக்கம்னு கவலை வாணாம், கம்பிக்கு பிளஸ் மைனஸ் கெடையாது. இப்ப வர்ற டைப்-சி சார்ஜர்ல ரெண்டு பக்கமும் சி முனை இருக்கற கேபிள வெட்டி போட்டா கரண்டே வராது, எதிர்ல போன் இருக்கான்னு பாத்துட்டுதான் அது குடுக்கும். அதனால தான் பழசு கேட்டேன்.

மொத சூடு

மாடியிலயோ திண்ணையிலயோ வச்சி சார்ஜர் போடுங்க, தெர்மாகோல் கிட்ட கொண்டு போகாதீங்க இன்னும். மொத ரெண்டு நிமிஷம் கம்பி மேல இருக்கற எண்ணெய் பசை புகையும். கம்பி கலர் மாறி மங்கி போவும், பயப்பட வாணாம், மேல குரோமியம் ஆக்சைடு படியுது, அது தான் கம்பிக்கு சட்டை. இருட்டுல பாத்தாலும் செவப்பு தெரியக்கூடாது. தெரிஞ்சா கம்பி நீளம் பத்தல.

வெட்டறது

ஷீட்டு மேல ஸ்கெட்ச்ல கோடு போட்டுக்குங்க. கம்பிய வச்சி அழுத்தாதீங்க, அது எறங்கற வேகத்துக்கு நீங்க போங்க, தயிர்ல கத்தி எறங்கற மாதிரி போவும். கம்பி பின்னாடி வளையுதுன்னா நீங்க அவசரப்படறீங்க. வெட்டு அகலமா, ஓரம் குழிவா வருதுன்னா ரொம்ப மெதுவா போறீங்க, இல்ல சூடு அதிகம். வெட்டி எடுக்கறப்ப செலந்தி நூல் மாதிரி இழை வரும், அது சகஜம். மூலை திரும்பறப்ப நிக்காதீங்க, நின்ன எடத்துல ஓட்டை விழும், நாங்க வெட்டின கோட்டையில தெக்கு மூலை கொத்தளம் அப்படித்தான் பீரங்கி பட்ட மாதிரி ஆச்சி. பையன் அத்தையே 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சில பட்டதுன்னு மிஸ் கிட்ட சொல்லி சமாளிச்சிட்டான்.

அகழி மாதிரி பள்ளம் எடுக்கணும்னா இந்த வில்லால முடியாது, கம்பி ஓரத்துல இருந்து தான் உள்ள போவும். ரெண்டு ஷீட்டா பிரிச்சி மேல் ஷீட்டுல அகழி வடிவத்த வெட்டி எடுத்துட்டு கீழ் ஷீட்டு மேல ஒட்டிடுங்க. ஒட்ட ஃபெவிகால் மட்டும், அவசரத்துக்கு ஒட்டற பசை, தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எல்லாம் தெர்மாகோல அரிச்சிடும்.

ஜன்னல் கதவு தொறந்து வச்சி காத்துல உக்காந்து வெட்டுங்க, உருகற தெர்மாகோல்ல இருந்து ஸ்டைரீன் ஆவி வரும், தலவலி குடுக்கும். பசங்கள தனியா விடாதீங்க. இதுலயே சன்போர்டு வெட்டலாமான்னு கேப்பாங்க, கூடாது, அது பிவிசி பிளாஸ்டிக், சூடு பட்டா ஆசிட் புகை விடும். மெத்தை ஸ்பாஞ்சும் வாணாம், அதோட புகை இன்னும் மோசம். நவராத்திரி கொலுவுக்கு பின்னாடி மண்டபம் கோபுரம் எல்லாம் தாராளமா செய்யுங்க, அடுத்த வருஷத்துக்கு பரண் மேல போட்டு வச்சிக்கலாம், ஆனா தண்ணியில கரைக்கற பிள்ளையாருக்கு தெர்மாகோல் போடாதீங்க, அது கரையாது, பாலாத்துல தண்ணி வர்றதே எப்பவோ ஒரு தடவை.

கம்பி என்னிக்காவது அறும், பெரும்பாலும் போல்ட்டு கிட்ட முறுக்கின எடத்துல தான். நட்ட லூஸ் பண்ணி புதுசு மாட்டிக்குங்க, அறுந்தத முடிச்சி போட்டு ஓட்டாதீங்க, முடிச்சி கிட்ட கம்பி நீளம் கொறைஞ்சி சூடு கணக்கு மாறிடும். ஒரு மீட்டர் வாங்கினதுல வாஷருக்கு சுத்தறதோட ஒரு வில்லுக்கு 33 சென்டிமீட்டர் தான் செலவாவும், மீதி ரெண்டு தடவைக்கு வரும்.