எலிகளின் மது அருந்தலும் கல்லீரல் பாதிப்பும்: ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநீரில் மதுவைக் கலந்து வைத்துவிட்டு, பல வாரங்களுக்குப் பிறகும் எலியின் கல்லீரல் நன்றாக இருப்பதைக் கண்டு, மது கல்லீரலுக்குத் தீங்கு செய்வதில்லை என்று முடிவு கட்டுவதே இத்துறையின் மிகப் பழைய தவறு. எலிகளுக்கு மது இயல்பாகவே பிடிப்பதில்லை. குடிக்கும் சிறிதளவையும் அவற்றின் உடல் மனித உடலைவிட வேகமாகச் சிதைத்துவிடுவதால், இரத்தத்தில் மதுவின் அளவு போதிய உயரத்தை எட்டுவதே இல்லை.

அடுத்த தவறு உணவுக் கணக்கில் நிகழ்கிறது. என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒரு கிராம் மது ஏறத்தாழ 7 கலோரி தருவதால், மது அருந்தும் விலங்கு உணவைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் கல்லீரலில் காணும் மாற்றம் மதுவால் வந்ததா, ஊட்டக்குறைவால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. 1949-இல் கனடிய உடலியலாளர் சார்லஸ் பெஸ்டின் குழுவினர் எலிகளை ஆராய்ந்து, சர்க்கரைக்கு மேல் மதுவுக்குத் தனியான நச்சுத்தன்மை இருப்பதற்குச் சான்றில்லை என்று எழுதியதன் பின்னணியிலும் ஊட்டக்குறைவே காரணம் என்ற கருத்துதான் இருந்தது. சார்லஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் 1960-களில் உருவாக்கிய திரவ உணவு இச்சிக்கலுக்கு வழி காட்டியது: மொத்தக் கலோரியில் 36 சதவீதத்தை மதுவாகவே கொடுத்து, மது கொடுக்காமல் ஒப்பிடுவதற்காக வளர்க்கும் ஒப்பீட்டு எலிக்கு அதே அளவு கலோரியை மாவுச்சத்தின் வழியாக அளந்து ஊட்டினார்கள். போதிய ஊட்டம் கிடைத்தும் மது அருந்திய எலிகளின் கல்லீரலில் கொழுப்பு படிந்தது. ஒப்பீட்டு விலங்குக்கு விருப்பம்போல் உண்ண விடும் ஆய்வு, எத்தனை விலங்குகளைப் பயன்படுத்தினாலும், இந்தக் கேள்விக்கு விடை தராது.

கொழுப்பு படிந்ததைக் கண்டதும் அதைக் கல்லீரல் இறுக்கநோய் (வடுத்திசு பெருகிக் கல்லீரல் கெட்டிப்படும் நிலை) என்று எழுதுவதும் பிழை. இந்தத் திரவ உணவு முறையில் எலிகள் பெரும்பாலும் கொழுப்பு படிதலோடு நின்றுவிடுகின்றன. வடுத்திசு அரிதாகவே உண்டாகிறது. இறுக்கநோய் வரை சென்றதை லீபர் குழுவினர் 1970-களில் பபூன் குரங்குகளில்தான், அதுவும் ஆண்டுக்கணக்கில் மது கொடுத்த பிறகே, காட்ட முடிந்தது.

இனத்தையும் பாலினத்தையும் குறிப்பிடாமல் விடுவதும் கூடாது. சி57பிஎல்/6 வகைச் சுண்டெலி மதுவை விரும்பிக் குடிக்கும், டிபிஏ/2 வகை ஒதுக்கும். பெண் விலங்குகளின் கல்லீரல் பெரும்பாலும் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. கல்லீரல் செல்கள் சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் ஏஎல்டி நொதி உயராததை மட்டும் வைத்துக் கல்லீரல் நலமாக உள்ளதென்று எழுதுவதற்கு முன், திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.