கம்பியை மேலே முறுக்கும் முன்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து பையன்கள் கிட்டாரோடு வந்து உட்காருவார்கள். நான் இருப்பது மூன்றாவது மாடி. சன்னலைச் சாத்தினாலும் கேட்கும். போன மாதம் ஒரு நாள் வாசிப்பு நின்றுபோய் கம்பியை முறுக்கும் சத்தம் மட்டும் வந்தது. சுருதி ஏறிக்கொண்டே போனது. டி சுரத்தைத் தாண்டியது, இன்னும் ஏறியது, அப்புறம் 'டங்' என்று அறுந்தது. பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அந்தச் சத்தத்தை இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் என் அறையிலேயே கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்: கிட்டாரின் டியூனிங்கை, அதாவது கம்பிகளின் சுருதியை, மாற்றும்போது பலரும் செய்யும் தவறுகளைப் பற்றி. விரல் நுனி வலிக்கும், நகத்தை வெட்டுங்கள், மெட்ரோனோம் வையுங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கீழ்த்தளத்தின் எதிரொலியை நம்புவது

புளோக் கீழ்த்தளத்தில் வாசித்தால் எல்லோருமே நல்ல கிட்டாரிஸ்ட்தான். சுற்றிலும் காங்கிரீட், தலைக்கு மேலே தாழ்ந்த கூரை. தப்பான சுரங்களைக்கூட அந்த எதிரொலி மெழுகிவிடும். வீட்டுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் செருகாமலே வருடக்கணக்கில் வாசிப்பார்கள். சத்தம் போதவில்லை என்று கை தன்னையறியாமல் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகட்டை) ஓங்கி அடிக்கப் பழகிவிடும். அதே கையோடு சமூக மன்ற மேடையில் ஏறினால் எல்லாம் கரகரப்பு. ஹெட்ஃபோனில் வாசிக்கும் வசதி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. அதில் பழகுங்கள், உங்கள் வலது கை எவ்வளவு முரடு என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

ஓப்பன் ஈ: மேலே ஏற்றுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேசிய சேவை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் மாடி மாடியாக ஏறி இறங்கி, பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை 350 வெள்ளிக்கு வாங்கினேன். அந்தச் சமயத்தில் எனக்கு அமெரிக்க ராக் கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் பைத்தியம் பிடித்திருந்தது. 1971-ல், 24 வயதிலேயே விபத்தில் இறந்துபோன மனிதர். மருந்துக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, கம்பிமேல் வழுக்கி அவர் வாசித்த ஸ்லைடை இன்று கேட்டாலும் யாரோ தொண்டை திறந்து பாடுவது போல இருக்கும். நானும் வீட்டிலிருந்த கோடாலித் தைல போத்தலில் முயன்று பார்த்தேன். விரல் நுழையவில்லை. அது வேறு கதை.

அவருடைய ஸ்லைடு பெரும்பாலும் ஓப்பன் ஈ டியூனிங்கில் என்று படித்தேன். எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே ஈ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) கேட்கும் டியூனிங் அது. தடித்த ஆறாவது கம்பியிலிருந்து எண்ணினால் ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. வழக்கமான டியூனிங் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று கம்பிகள் மாறுகின்றன, மூன்றும் மேலேதான் போகின்றன. ஐந்தாவதும் நாலாவதும் இரண்டு ஃபிரெட் அளவு, மூன்றாவது ஒரு ஃபிரெட் அளவு. ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை; ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் அரைச் சுரம் ஏறும்.

மேலே போனால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டவன்தான். ஒரு கம்பியின் இழுவிசை அதன் சுருதியோடு நேராக ஏறுவதில்லை, அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஒரு ஃபிரெட் உயர்த்தினால் ஏறத்தாழ 12 சதவீதம் கூடும். இரண்டு ஃபிரெட் என்றால் 26 சதவீதம். அக்கூஸ்டிக் கிட்டாரில் பரவலாகப் போடும் 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) கம்பிச் செட், வழக்கமான டியூனிங்கிலேயே 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஆள் எடை! அதை ஓப்பன் ஈ-க்கு ஏற்றினால் இன்னும் 8, 9 கிலோ சேரும். ஃபேர்பிரைஸில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பைகள் கிட்டத்தட்ட இரண்டைக் கொண்டுபோய்த் தொங்கவிட்ட மாதிரி. மெல்லிய பலகையில் பசை போட்டு ஒட்டிய ஒரு மரத்துண்டுதான் இவ்வளவையும் தாங்குகிறது. பிரிட்ஜ் என்பது அதுதான்.

எனக்கு முதல் நாளே ஒரு கம்பி அறுந்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் எடுத்த முடிவு வேறு: கம்பி மெல்லியதாக இருந்ததால்தான் அறுந்தது, தடிமனாகப் போட்டால் தாங்கும். 13 கேஜ் செட் வாங்கி மாட்டினேன். கம்பி தாங்கியது. அந்தச் செட் வழக்கமான டியூனிங்கிலேயே 80 கிலோவைத் தாண்டும். ஓப்பன் ஈ-யில் 90-க்கு மேல். கூட்டல் கணக்கு போடத் தெரிந்த எவனும் செய்யாத வேலை.

இரண்டு வாரத்தில் கழுத்து முன்னால் வளைந்தது. கம்பிகள் ஃபிரெட்டை விட்டு உயர்ந்தன. இதில் கொடுமை என்னவென்றால், ஸ்லைடு வாசிக்க உயரமான கம்பிதான் வசதி. போத்தல் ஃபிரெட்டில் இடிக்காது. ஆக, கிட்டார் உடைந்துகொண்டிருந்ததை நான் முன்னேற்றம் என்று நினைத்து மகிழ்ந்தேன். தொனிகூட நன்றாகிவிட்டதாக நண்பர்களிடம் சொன்னதாக ஞாபகம்.

நம் ஊர்க் காற்றும் தன் பங்கைச் செய்தது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். கிட்டார் மரத்துக்கு 45-லிருந்து 55 வரை இருந்தால் போதும் என்பார்கள். பகலில் ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும். இரவில் ஏர்கான் போட்டுத் தூங்குவேன், அப்போது காய்ந்து சுருங்கும். அதற்கு மேலே 90 கிலோ. மூன்றாவது வாரம் ஒரு நாள் நள்ளிரவில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அம்மா எழுந்து சமையலறையில் போய்ப் பார்த்தார். உடைந்தது என் கிட்டார். பிரிட்ஜ் பின்பக்கமாகப் பிய்ந்து, மேல்பலகையின் மரச் சிராய்களையும் இழுத்துக்கொண்டு நின்றது.

பழுது பார்த்தவர் ஒரு முதியவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதில் என்ன, துணி காயப்போட்டாயா?' என்று கேட்டார். ஒட்டுவதற்கும் பலகையைச் சரிசெய்வதற்கும் 280 வெள்ளி. கிட்டாரின் விலையே 350. என்ன டியூனிங் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: டி-க்கு இறக்கு, இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ மாட்டு. கேப்போ என்பது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி.

அவ்வளவே விஷயம். ஓப்பன் டி என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. கம்பிகளுக்கு இடையிலுள்ள உறவு ஓப்பன் ஈ-யில் இருக்கிற அதே உறவுதான், மொத்தமும் இரண்டு ஃபிரெட் கீழே. இதில் நாலு கம்பிகள் தளர்கின்றன, ஒன்றுகூட இறுகுவதில்லை. இழுவிசை 8 கிலோ போல் குறையும். கேப்போ மாட்டினால் காதுக்கு ஓப்பன் ஈ. இதே மாதிரி ஓப்பன் ஏ வேண்டுமென்றால் ஓப்பன் ஜி-க்கு இறக்கிக் கேப்போ.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது எதில் என்றால், கற்றுக்கொடுக்கிறவர்கள் 'ஓப்பன் ஈ இப்படி வையுங்கள்' என்று ஆறு எழுத்தைத் திரையில் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தக் கிட்டாரில், எந்தக் கம்பியில் என்று ஒரு வார்த்தை இல்லை. டுவேன் ஆல்மன் கையில் இருந்தது எலெக்ட்ரிக். 9 கேஜ் போட்ட எலெக்ட்ரிக்கின் மொத்த இழுவிசையே 40 கிலோவுக்குள்தான். அதில் ஓப்பன் ஈ வைத்தால் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் என் 280 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

கிளாசிக்கல் கிட்டாரில் இரும்புக் கம்பி

போடாதீர்கள்.

மெல்லிய கம்பியோடு பாதாளத்துக்கு இறங்குவது

மேலே ஏற்றாதே என்றதும் சிலர் ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடுகிறார்கள். பிளாக் சப்பாத் ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி இறக்கினார், நானும் இறக்குகிறேன் என்பது வாதம். ஐயோமி ஏன் இறக்கினார்? தகரத் தொழிற்சாலை வேலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். விரல்களுக்குத் தானே செய்த உறைகளை மாட்டி, மெல்லிய கம்பி போட்டு, 1971 வாக்கில் மூன்று ஃபிரெட் அளவு இறக்கி வாசித்தார். தளர்ந்த கம்பியை இழுத்து விடாமல் அழுத்த அவருடைய கைக்குத் தெரியும். நம் பையன் 9 கேஜில் ஈ-யை சி-க்கு இறக்கி, வழக்கம் போல ஓங்கி அடிக்கிறான். இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயாயிற்று. கொடியில் துணி ஆடுகிற மாதிரி கம்பி ஆடும், ஒவ்வொரு அடியிலும் சுருதி முதலில் ஏறி அப்புறம் இறங்கும்.

இறக்குவதென்றால் கம்பியைத் தடிமனாக்குங்கள். புளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் இதற்கு நல்ல உதாரணம். 13 கேஜ் போட்டிருந்தார், ஆனால் எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃபிரெட் அளவு இறக்கி வைத்திருந்தார். பலர் முதல் பாதியை மட்டும் காப்பியடித்து, இறக்காமல் வாசித்து, விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜில் மேடையில் டியூனிங் மாற்றுவது

ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்க மிதக்கும் பிரிட்ஜ் இது. ஒரு கம்பியின் சுருதியைத் தொட்டால் மற்ற ஐந்தும் மாறும். இன்னொரு கிட்டார் கொண்டுபோங்கள்.

புது டியூனிங்கில் பழைய கார்டு

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஓப்பன் ஜி-யில் ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியில் வாசிப்பவர். இதைக் கேள்விப்பட்டதும் முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றுகிறார்கள். அவர் கழற்றியதற்குக் காரணம், அந்த டியூனிங்கில் அடிக் கம்பி டி. ஜி கார்டின் அடியில் டி வந்து நின்றால் ஆதார சுரம் குழம்பும், அவருக்கு ஜி-தான் அடியில் வேண்டும். அந்த ஐந்து கம்பியில் இரண்டு மூன்று விரலுக்குமேல் தேவைப்படாத வடிவங்களைக் கட்டியதுதான் அவர் பாணி. கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய ஆறு கம்பி கார்டுகளையே அதில் தேடினால் என்ன கிடைக்கும்?

டாட்காட் என்ற டியூனிங் விஷயத்தில் நமக்கு ஒரு சலுகை இருப்பதாக நான் நினைக்கிறேன். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960-களில் இங்கிலாந்தில் கிட்டாரிஸ்ட் டேவி கிரஹாம் பரப்பியது, அப்புறம் லெட் செப்பெலின் ராக் குழுவில் ஜிம்மி பேஜ் கையாண்டது. டி-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ஸ ப ஸ ம ப ஸ. காந்தாரம் இல்லை. மேஜரா மைனரா என்று கிட்டார் சொல்லாது, நீங்கள் தொடும் சுரம்தான் சொல்லும். தம்புராவின் ஸ-வும் ப-வும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பழகிய இடம். அதில் உட்கார்ந்து டி மேஜர், ஜி மேஜர், ஏ மேஜர் என்று கார்டு புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தடித்த மூன்று கம்பியையும் சும்மா ஒலிக்கவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றில் மட்டும் ஒரு வாரம் மெட்டு தேடுங்கள். கார்டு தானாக வரும்.

இறக்கிய உடனே வாசிக்கத் தொடங்குவது

கழுத்தின் முனையில் கம்பி உட்காரும் பள்ளத்தில், அதாவது நட்டில், கம்பி சிக்கிக்கொண்டிருக்கும். வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து ஏறி நில்லுங்கள். கம்பியை ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கீழ்த்தளத்துப் பையன்

நான் இறங்கிப் போனபோது அவன் அடுத்த கம்பியை முறுக்கத் தொடங்கியிருந்தான். 'தம்பி, கொஞ்சம் நிறுத்து' என்றேன். 'ஏன் அங்கிள்?' என்றான். அங்கிள் ஆகிச் சில வருடங்கள் ஆகின்றன, இன்னும் பழகவில்லை. எல்லாக் கம்பிகளையும் தளர்த்தச் சொல்லிவிட்டு, பையிலிருந்த காப்பிக்கடை ரசீதை எடுத்து பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் செருகிப் பார்த்தேன். தாள் உள்ளே போனால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட முறுக்கி வைக்கக் கூடாது. போகவில்லை. தப்பித்தான்.

ஓப்பன் டி-க்கு இறக்கிக் கொடுத்து, கேப்போ வாங்கிக்கொள் என்றேன். 'கேப்போ போட்டால் ஏமாற்று வேலை மாதிரி இருக்காதா அங்கிள்?' என்று கேட்டான். 280 வெள்ளிக் கதையைச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை சன்னல் வழியாக ஓப்பன் ஈ கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேப்போ வாங்கவில்லை, பென்சிலை ரப்பர் பேண்டால் கழுத்தில் கட்டியிருந்தான். மூன்றாவது கம்பி கொஞ்சம் முனகியது. மற்ற ஐந்தும் சுத்தமாகப் பேசின.