கம்பியில் ஓடும் அலை: மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடங்கள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறைப் பதிவேடுகளைத் திருத்த உட்கார்ந்தால் வருடா வருடம் அதே தவறுகள்தான். அலகு விட்டுப்போவது, பெருக்கல் பிசகு எல்லாம் நீங்களே சரிசெய்துகொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகமாக ஆட்டினால் அலை வேகமாகப் போகாது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராதது இதில்தான். வேகம் என்பது அதிர்வெண் பெருக்கல் அலைநீளம் என்று மனப்பாடம் ஆனதும், அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூடாது. இழுத்துக் கட்டிய கம்பியில் வேகத்தைத் தீர்மானிப்பவை இழுவிசையும் ஒரு மீட்டர் கம்பியின் நிறையும்தான். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும். அதிர்வெண்ணைக் கூட்டினால் அலைநீளம் சுருங்கும், அவ்வளவுதான்.

ஒரு மாணவி சுரமானிச் சோதனையை, அதாவது பெட்டிமேல் இழுத்துக் கட்டிய கம்பியை அதிரவைக்கும் சோதனையை, அழகாகச் செய்திருந்தாள். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி, 4 கிலோ எடை. தட்டினால் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் 256 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு 31.2 செ.மீ. நீளத்தில் கம்பியும் சேர்ந்து அதிர்ந்து, அதன்மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழுந்தது, 512-க்கு 15.6 செ.மீ. ஆனால் முடிவில், அதிர்வெண் இரட்டித்ததால் வேகமும் இரட்டித்தது என்று எழுதியிருந்தாள். அதிரும் நீளம் அரை அலைநீளம்தான் என்பதால், அதிர்வெண்ணையும் நீளத்தையும் பெருக்கி இரட்டிக்கச் சொன்னேன். இரண்டு முறையும் நொடிக்குச் சுமார் 160 மீட்டர் வந்தது. பேசாமல் முடிவை அடித்துவிட்டுத் திருத்தினாள். தேர்வுக் கணக்கில் இதே பிழை முதல் வரியில் விழுந்தால், அப்புறம் வரும் விடைகள் எல்லாமே போச்சு.

சந்தேகம் இருந்தால் நீளமான கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒரே இறுக்கத்தில் பிடித்து, ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வெடுக்கென்றும் உதறுங்கள். மேடு அகலமாகவோ குறுகலாகவோ இருக்கும். போய்ச்சேரும் நேரம் மாறாது. இன்னும் இறுக்கிப் பிடித்தால்தான் விரைந்து ஓடும். வேகம் இரு மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்.

வீணையிலும் இதைப் பார்க்கலாம். கம்பியை இறுக்கும் பிருடையை முறுக்கினால் அலையின் வேகமே கூடுகிறது. மெட்டில் விரல் வைத்தால் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறுகிறது.

கயிறு ஓடுவதில்லை

அலைதான் ஓடுகிறது. கயிற்றில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிப் பாருங்கள். அது நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தின் வேகம் வீச்சையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. அதை அலையின் வேகமென்று எழுதாதீர்கள்.

விட்டத்தை ஆரமாகப் போடுவது

ஒரு மீட்டர் கம்பியின் நிறையைக் கணக்கிடும்போது இப்படிப் போட்டால் நிறை நான்கு மடங்காகும், வேகம் பாதியாகும்.

எடைதாங்கி

இழுவிசையைக் கணக்கிடும்போது, எடைகளை மாட்டும் இந்தத் தாங்கியின் நிறையையும் சேருங்கள்.

செங்குத்தாகத் தொங்கும் கயிறு

மேலே போகப் போக இழுவிசை கூடும், ஏனென்றால் மேல்பகுதிதான் கீழே உள்ள கயிற்றின் எடையையும் தாங்குகிறது. கீழ்முனையில் உதறிய துடிப்பு ஏற ஏற வேகமெடுக்கும். கயிறு முழுவதற்கும் ஒரே இழுவிசையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.